தெரு கேட்கும் காரணம்

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் நிதானமாக ஓடிப்போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரே 400 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி, முட்டியில் கையூன்றிக் குனிந்து, ஒன்றரை நிமிடம் தள்ளாடி நடந்து, மறுபடி அதே வேகத்தில் பாய்ந்தால் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. மூன்றாவது சுற்று முடியும்போது நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் கிட்டே வந்துவிடுவார். “என்னப்பா, மயக்கமா வருதா? கொஞ்சம் உட்காரு. தண்ணி இருக்கு, குடிக்கிறியா?” ஓடுகிறவருக்குப் பதில் சொல்ல மூச்சிருக்காது. கையை மட்டும் ஆட்டுவார். அடுத்த சுற்றுக்கான நேரம் கைக்கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மறுபடி பாய்ந்ததும், பெரியவர் பக்கத்திலிருப்பவரிடம் திரும்பி, “எதுக்கு இப்படி ஓடுறான்?” என்பார்.

ஓட்டக்காரர்கள் இதை இன்டர்வெல் என்கிறார்கள். வேகமாக ஒரு தூரம், முழுதாக இளைப்பாறுவதற்குள் மறுபடி அதே தூரம். இதயமும் நுரையீரலும் அடங்குவதற்கு முன்பே அவற்றை மீண்டும் வேலைக்கு இழுப்பதுதான் இதன் சூட்சுமம். தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டுசேர்க்கும் திறன் அப்படித்தான் வளர்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் கனத்த ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டுப் பாதைகளில் இதை நாள்தோறும் செய்தார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். அவருக்குக் காடு இருந்தது. சென்னையிலோ மதுரையிலோ ஓடுகிறவருக்கு இருப்பது பொதுச் சாலையும் பூங்காவும்தான். அங்கே அவர் திணறுவதையும் வியர்ப்பதையும் முகம் கோணுவதையும் பார்க்க ஊரே இருக்கிறது.

நடக்கிறவரிடம் தெரு காரணம் கேட்பதில்லை. சர்க்கரை, பிரஷர், டாக்டர் சொல்லிவிட்டார் என்று அதுவாகவே முடிவுகட்டிக்கொள்ளும். ஓடுகிறவரிடம் கேட்கும். கண்ணால் கேட்கும், சிரிப்பால் கேட்கும், சில நேரம் கையை நீட்டித் தடுத்தும் கேட்கும். சில பதில்களை அது உடனே ஏற்றுக்கொள்கிறது. போலீஸ் செலக்‌ஷன் என்றால் மரியாதை, மாரத்தான் என்றால் வியப்பு, தொப்பை என்றால் அனுதாபம். ஓடுவது பிடிக்கும், அதனால் ஓடுகிறேன் என்ற பதில்தான் இன்னும் முழுதாகச் செல்லுபடியாகவில்லை. அந்தப் பதிலைச் சொல்லும் வாய்ப்பே சிலருக்குக் கிடைப்பதில்லை என்பது இன்னும் பெரிய விஷயம்.

இந்தச் சந்தேகம் நம் ஊரின் தனிக்குணம் அல்ல. இன்று பூங்கா பூங்காவாக ஓடும் அமெரிக்காவே அறுபதுகளில் ஓடுகிறவரை விநோதமாகத்தான் பார்த்தது. அங்கே மெதுவோட்டத்தைப் பரப்பிய ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அதைக் கற்றுக்கொண்டது நியூசிலாந்தில். ஆக்லாந்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், தன் தெருப் பையன்களை மலைச்சாலைகளில் ஓடவிட்டு ஒலிம்பிக் வீரர்கள் ஆக்கினார். 1960 ரோமில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே மாலையில் தங்கம் வென்றார்கள். அதோடு லிடியார்ட் நிற்கவில்லை. நடுவயதுக்காரர்களையும் இதயநோயிலிருந்து தேறியவர்களையும் கூட்டிவைத்து ஓடவைத்தார். 1962இல் அங்கே போன பவர்மன், தன்னைவிட வயதில் மூத்தவர்களோடு ஓடமுடியாமல் பின்தங்கிப்போனார். ஊர் திரும்பியதும் அக்கம்பக்கத்தாரை ஓட அழைத்தார். பிறகு ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

ஆனாலும் தெரு சட்டென்று பழகிவிடவில்லை. ஹார்ட்ஃபோர்டு நகரில் ஓடிய ஒருவருக்கு, சாலையை முறைகேடாகப் பயன்படுத்திய பாதசாரி என்று காவல்துறை அபராதச் சீட்டு கொடுத்தது. 1968இல் தென் கரோலினாவில் ஓடிக்கொண்டிருந்த ஒருவரைச் சந்தேகப்பட்டு போலீஸார் நிறுத்தினார்கள். அவர் அந்த மாநிலத்தின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட். யாரென்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

தர்மண்டை நினைவில் வைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க வந்த சட்டத்தை எதிர்த்து, 1957இல் செனட்டில் 24 மணி 18 நிமிடம் இடைவிடாமல் பேசியவர் அவர். அதே காலத்தில் நியூயார்க் தெருக்களில் டெட் கார்பிட் ஓடிக்கொண்டிருந்தார். ஜாடோபெக் வென்ற அதே ஹெல்சின்கி மாரத்தானில் ஓடிய கறுப்பினத்தவர்; அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் மாரத்தான் ஓடிய முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். பயிற்சி ஓட்டத்தின்போது போலீஸ் அவரைத் திரும்பத் திரும்ப நிறுத்தி விசாரித்தது. செனட்டருக்கு ஒருநாள் நடந்தது கார்பிட்டுக்கு வாடிக்கை.

2020 பிப்ரவரி 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் சட்டில்லா ஷோர்ஸ் என்ற குடியிருப்பு வழியாக 25 வயது அமாட் ஆர்பரி ஓடிக்கொண்டிருந்தார். ஒரு தந்தையும் மகனும் அவரைத் திருடன் என்று முடிவுகட்டி, துப்பாக்கியோடு வண்டியில் துரத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்து அதைப் படம்பிடித்தார். ஆர்பரியிடம் ஆயுதம் ஏதும் இல்லை. சுட்டுக் கொன்றார்கள். அந்த வீடியோ வெளியே வந்த பிறகுதான், அதாவது இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்துத்தான், கைது நடந்தது. 2021 நவம்பரில் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒரு கறுப்பின இளைஞன் ஓடியதற்கு அந்தத் தெரு அவனைக் கேட்காமலே ஒரு காரணத்தைக் கற்பித்தது. அந்தக் கற்பிதம் அவன் உயிரை வாங்கியது.

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியடைய முடியாது. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், 2023 டிசம்பரில் தலித் மக்கள் சுமார் 60 பேர் செருப்புக் காலோடு ஒரு தெரு வழியாக நடந்தார்கள். ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள தெரு. அதுவரை அவர்கள் அங்கே செருப்பணிந்து நடந்ததில்லை, நடக்க விட்டதில்லை. 300 மீட்டர் என்பது விளையாட்டு மைதானத்தில் ஒரு சுற்றுகூட ஆகாது. நல்ல ஷூ போட்டுக்கொண்டு, அரைக்கால் சட்டையில், தெருவுக்குத் தெரு ஓடுவதை உடற்பயிற்சி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு முன்பு அந்தத் தெருவில் கால்வைக்கும் உரிமை இருக்க வேண்டும். நகரத்திலும் இதன் சாயல் உண்டு. வசதியானவர்கள் வாழும் காலனிக்குள் விலையுயர்ந்த ஷூ ஓடினால் வாட்ச்மேன் சல்யூட் வைப்பார். வெறுங்காலோடு ஒரு பையன் ஓடினால், “ஏய், யார்டா நீ?” என்பார்.

காரணம் கேட்காமலே தெரு வாழ்த்துகிற ஓட்டமும் இருக்கிறது. மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து பைபாஸ் சாலைகளில் விடியுமுன் போனால் பார்க்கலாம். ஐந்தாறு பேராகப் பையன்கள் ஓடுவார்கள். சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் அந்த ஓட்டத்துக்கான முழு 60 மதிப்பெண். பக்கத்தில் கிரவுண்டு கிடையாது. சாலைதான் அவர்களுக்கு அளவுகோல். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை, அதற்குப் பிறகு 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் சிறு கற்களில் மூன்று. அதுதான் 1.6 கிலோமீட்டர். முடிகிற இடத்தில் செல்போனைப் பிடித்தபடி ஒருவன் நின்று டைமிங் கத்துவான். “அஞ்சு நாப்பது… அஞ்சு நாப்பத்திரெண்டு… இழுடா, இழு!” டீக்கடை அண்ணனுக்கு எல்லோருடைய டைமிங்கும் மனப்பாடம். போன மாதம் யார் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று அவர் சொல்லுவார். பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப்போவார். மற்றவர்களை மிரட்டுகிற ஊர் நாய்கள்கூட இவர்களுக்குப் பழகியிருக்கும்.

அந்த ஓட்டத்தில் ஒரு குடும்பத்தின் கடனும் தங்கையின் கல்யாணமும் இருப்பது ஊருக்குத் தெரியும். அதனால்தான் அந்த வாழ்த்து. 2022 மார்ச்சில் நொய்டாவில் நள்ளிரவு வேலை முடிந்து வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் வீடியோ நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். காரில் வந்தவர் ஏறிக்கொள்ளச் சொல்லச் சொல்ல, ராணுவத்தில் சேர இந்த நேரத்தில்தான் ஓட முடிகிறது என்று மறுத்து ஓடினான். சமைக்க வேண்டும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றான். நாடே நெகிழ்ந்தது. நெகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால் ஓர் இளைஞன் பயிற்சி செய்ய நள்ளிரவுச் சாலையைத் தவிர வேறு நேரமும் இடமும் இல்லை என்பதற்குக் கோபமும் வந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் சாலை ஆளைக் கொல்லும். நூறு வயதில் டொரன்டோ மாரத்தானை ஓடி முடித்த ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் ஜலந்தர் அருகே தன் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதித்தான் இறந்தார். இருட்டில் கறுப்பு பனியனோடு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் ஓடும் பையன்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. வலப்பக்க ஓரமாக ஓடினால் எதிரே வரும் வெளிச்சமாவது கண்ணில் படும். வெள்ளைச் சட்டை போட்டால் ஓட்டுநர் கண்ணில் இவர்கள் படுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் தேவையில்லை, அந்த டீக்கடை அண்ணனே போதும்.

பெண்கள் ஓடினால் தெரு வேறு தெருவாகிவிடுகிறது. அதே பைபாஸில், பையன்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, சுடிதாருக்கு மேல் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு ஊக்கு குத்திய ஒரு பெண் ஓடுவாள். அவளுக்குப் பின்னால் பத்தடி விட்டு, டிவிஎஸ் ஃபிஃப்டியை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு அவள் தம்பியோ அப்பாவோ வருவார். வண்டி விளக்கு அவள் நிழலைச் சாலையில் நீட்டிப் போடும். பாதுகாப்புக்கு என்பார்கள். உண்மைதான். அவள் எதற்கு ஓடுகிறாள் என்று வழியில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதும் அந்த வண்டியின் வேலைதான். “செலக்‌ஷனுக்குண்ணே, அக்கா எஸ்.ஐ. எழுதுது.” இந்தப் பதில் இருக்கும் வரை ஊர் ஒன்றும் சொல்லாது. வேலை கிடைத்த பிறகும் அவள் அதே சாலையில் ஓடினால், “இன்னும் என்னத்துக்கு?” என்று கேட்கும்.

ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதி 2011இல் வந்த ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் ஆராய்ந்தது. பொது இடத்தில் இருக்கும் பெண் ஏதோ காரியமாக வந்தவள்போல் எப்போதும் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணமின்றி அங்கே இருக்கும் உரிமைதான் உண்மையான உரிமை என்பது அவர்கள் வாதம். நகரத்தில் ஓடும் பெண்ணுக்கு மாரத்தான் டி-சர்ட்டும் கைக்கடிகாரமும் ஓர் அடையாள அட்டை. அதைப் பார்த்துத் தெரு வழிவிடும். அதே தெருவில் வீட்டுவேலை முடித்துவிட்டு, சாதாரணச் சேலையில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாற்பத்தைந்து வயது அம்மா ஒருவர் ஆசைக்கு நாலு ரவுண்டு ஓடினால் செல்போன்கள் வெளியே வந்துவிடும். அனுமதி கேட்காமல் ஒருவரின் மூச்சிரைப்பைப் படம்பிடிப்பது அசிங்கமான செயல். பாராட்டுக்காக எடுத்தேன் என்பதும் சமாதானம் ஆகாது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் எதிரிகள் என்றும் சொல்ல முடியாது. 1966இல் பெண்களுக்கு அந்தத் தூரம் ஓட உடலில் வலு இல்லை என்று பாஸ்டன் மாரத்தான் பாபி கிப்பின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. அவர் தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து, முக்காடு போட்ட சட்டையோடு கூட்டத்தில் கலந்தார். பெண் என்று தெரிந்ததும் உடன் ஓடிய ஆண்கள் அவரை வெளியேற்ற விடமாட்டோம் என்றார்கள். வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் சாலையோரம் நின்று ஆர்ப்பரித்தார்கள். 3 மணி 21 நிமிடத்தில் முடித்து, ஓடிய ஆண்களில் பெரும்பாலோரை முந்தினார். அடுத்த ஆண்டு 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பிடித்து இழுத்தவர் பார்வையாளர் அல்ல, போட்டி அதிகாரி. 1972இல்தான் பாஸ்டன் பெண்களை முறைப்படி சேர்த்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர 1984 ஆனது. அதே 1984 லாஸ் ஏஞ்சல்ஸில்தான், பய்யோலிக் கடற்கரை மணலில் பயிற்சியாளர் நம்பியாரோடு ஓடி வளர்ந்த பி.டி. உஷா, 400 மீட்டர் தடையோட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தர்ராஜனுக்கு முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவர் தாத்தா. வீட்டுக்கு வெளியே இருந்த மண்தரைதான் மைதானம். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள் அங்கிருந்து 2006 தோஹா ஆசிய விளையாட்டின் 800 மீட்டர் வெள்ளி வரை போனார். பிறகு பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்து, அவர் உடலை ஊர் பேசும் பொருளாக்கினார்கள். ஒரு பெண்ணின் ஓட்டத்தைப் பார்க்காமல் உடலைப் பார்த்ததன் உச்சம் அது. அந்த அநியாயத்துக்கு இன்றுவரை ஈடு செய்யப்படவில்லை.

இனி ஓடுகிறவர்களிடமும் பேச வேண்டும். பகிர்ந்துகொள்ளும் இடம் என்றால் மெதுவாக நடக்கிறவருக்கும் அது சொந்தம். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் என்ற வேகத்தில் இன்டர்வெல் ஓடுகிறவர் ஒரு விநாடியில் நாலு மீட்டருக்கு மேல் கடக்கிறார். மூட்டுவலிக்காரப் பாட்டி அதே விநாடியில் ஒரு மீட்டர்கூட நகர்வதில்லை. மாநகராட்சிப் பூங்காவின் நடைபாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தாலே வழி அடைபடும். அங்கே முதுகுக்குப் பின்னால் தடதடவென்று வந்து தோளை உரசிப்போனால், கீழே விழாவிட்டாலும் அந்தப் பாட்டி மறுநாள் வரமாட்டார். இடுப்பெலும்பு முறிவு அந்த வயதில் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும். பூங்காக்காரர் “ஓடாதீங்க” என்று விசில் ஊதும்போது கோபப்படுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் பூங்காவில் வேகப்பயிற்சி கூடாது. மெதுவாக ஓடுங்கள். பத்தடி முன்னாலேயே “அம்மா, வலப்பக்கம் வர்றேன்” என்று குரல் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் சாலையை அடைத்து ஓடும் குழுக்களுக்கும் இது பொருந்தும். மீன்கூடையோடு வரும் பெண்ணைச் சாலையிலிருந்து இறக்கிவிட்டு ஓடுவதற்கு ஆரோக்கியம் என்று பெயரில்லை.

எல்லோரும் ஒரே நடைபாதையில் முட்டிக்கொள்வதற்கு மூலகாரணம் இடமின்மை. இடம் இருந்தாலும் அது யாருக்கு என்பது அடுத்த கேள்வி. 2022 மே மாதம் டெல்லி தியாகராஜ் மைதானத்தில் விளையாட்டு வீரர்களையும் பயிற்சியாளர்களையும் மாலை ஏழு மணிக்கே வெளியேற்றுகிறார்கள் என்று இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. வீரர்கள் வெளியேறிய பிறகு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி அங்கே தன் நாயை நடத்திக் கூட்டிப்போனார் என்றும் அந்தச் செய்தி சொன்னது. செய்தி வந்த அன்றே அவரை லடாக்குக்கும், அதிகாரியான அவர் மனைவியை அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றினார்கள். டெல்லி அரசின் மைதானங்கள் இரவு பத்து வரை திறந்திருக்க உத்தரவானது. ஒரு பத்திரிகைச் செய்திக்கு இவ்வளவு முடியும் என்றால், அதுவரை முடியாமல் போனது எதனால்?

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. சாலை விபத்தில் காயப்பட்டுத் தேறி மாரத்தான்களாக ஓடித் தீர்த்த மா. சுப்பிரமணியன் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த திட்டம். நல்ல திட்டம். ஆனால் அது நடப்பவருக்கானது. 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடவேண்டிய பையனுக்கும் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடவேண்டிய பெண்ணுக்கும் தேவைப்படுவது வண்டி வராத, குழி இல்லாத, விளக்கு எரிகிற ஒரு கிரவுண்டு. மாவட்டத் தலைநகர் மைதானம் பல ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸுக்குக்கூட எட்டாத தூரத்தில் இருக்கிறது.

கிரவுண்டு ஊரிலேயே இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியின் மைதானம் அது. மாலை ஐந்துக்கு மேல் பூட்டு, விடுமுறையில் பூட்டு, விடியற்காலையில் பூட்டு. தலைமை ஆசிரியரின் பயம் நியாயமானது. குடிக்க வருவார்கள், பாட்டிலை உடைப்பார்கள், நாளைக்கு ஒன்று நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பொறுப்பை அவர் தலையில் மட்டும் வைத்தால் பூட்டத்தான் செய்வார். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர் இருக்கிறார்கள், உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருக்கிறார். காலை ஐந்து முதல் ஏழு வரை மைதானத்தைத் திறக்க வேண்டும், ஒரு விளக்கு போட வேண்டும், சாவிக்குப் பொறுப்பாக ஊரில் இருவர் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும், பெண்கள் ஓட நேரம் உறுதியாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம். உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, பைபாஸில் ஓடும் அந்தப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.